செம்பனை ரேம்ப் கணக்கை டாக்கர் இமேஜாகக் கட்டி லிந்தாங் வரை கொண்டுபோவது எப்படி?

கேள்வி கேட்ட தங்கச்சியின் நிலைமை இது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவும் லிந்தாங்கில் மாமாவும் ஆளுக்கொரு ரேம்ப் நடத்துகிறார்கள். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: ரேம்ப் என்றால் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி, எடை போட்டு, ஆலைக்கு லோரி ஏற்றும் இடம். இவர் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறார். லோரி எடை, காயும் அழுகலும் கழித்த நிகர எடை, அன்றைய விலை, யாருக்கு எத்தனை வெள்ளி என்று ரசீது அடிக்கும். இவருடைய மேக்கில் நன்றாக ஓடுகிறது. அப்பாவின் பழைய விண்டோஸ் கணினியில் ஓட மறுக்கிறது. மாமாவின் இடத்தில் இணையம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "டாக்கரில் போடு என்கிறார்கள் அண்ணே. இமேஜை எப்படிக் கட்டுவது, எப்படி லிந்தாங்குக்குக் கொண்டுபோவது, ஓட்டும்போது கணக்கு அழிந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

டாக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு புரோகிராமை, அது ஓட வேண்டியதெல்லாம் சேர்த்து, ஒரே மூட்டையாகக் கட்டி வேறு கணினியில் ஓட்ட உதவும் கருவி அது. அந்த மூட்டைக்குப் பெயர் இமேஜ். கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நான் சூடுபட்டது அதில்தான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குத் தைப்பூச நன்கொடை ரசீது போட ஒரு புரோகிராம் செய்துகொடுத்தேன். டாக்கரில்தான் ஓட்டினேன். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ரசீதில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்றார்கள். திருத்தினேன், புது இமேஜ் கட்டினேன், பழைய கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை ஓட்டினேன். எழுத்துப்பிழை போயிற்று. இரண்டு நாள் நன்கொடைக் கணக்கும் சேர்ந்து போயிற்று. நல்ல வேளை, கோயில் கணக்குப்பிள்ளை என் புரோகிராமை நம்பாமல் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டே வந்திருந்தார். அவர் வாசிக்க நான் தட்ட, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தோம். திட்டவே இல்லை மனிதர். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கார்பன் தாளை விரலால் நீவிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், இமேஜ் என்பது கட்டி முடித்தபின் மாறாத ஒரு மூட்டை. அதை ஓட்டும்போது டாக்கர் அதன் தலைமேல் எழுதுவதற்கென்று ஒரு மெல்லிய அடுக்கைப் போட்டுத் தருகிறது. இமேஜும் அந்த அடுக்கும் சேர்ந்து ஓடுவதுதான் கண்டெய்னர். புரோகிராம் எழுதுகிற எல்லாமே, நீங்கள் வேறு வழி சொல்லாவிட்டால், அந்த மெல்லிய அடுக்கில்தான் போய் விழும். கண்டெய்னரை நிறுத்தினால் அடுக்கு இருக்கும். அழித்தால் அதுவும் போகும். புது இமேஜுக்கு மாறுவதென்றால் பழைய கண்டெய்னரை அழித்துத்தான் ஆகவேண்டும். ஆக, கணக்குக் கோப்பு முதல் நாளிலிருந்தே கண்டெய்னருக்கு வெளியே இருக்கவேண்டும். நான் கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது: மாறாதது உள்ளே, மாறுவது வெளியே.

சரி, எந்த மெஷினில் ஓட்டுவது?

உங்கள் லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள், கணினிக்குள் ஓடும் இன்னொரு முழுக் கணினி. அது துரை பங்களா மாதிரி. தனிக் கூரை, தனி வேலி, தனித் தண்ணீர்த் தொட்டி. கண்டெய்னர் லயத்து வீடு. ஒரே நீளக் கூரை, ஒரே அடித்தளம், நடுவில் தடுப்புச் சுவர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்பு, தனிக் கதவு, ஆனால் கூரை ஒன்றுதான். அந்தக் கூரைதான் லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி. அதனால்தான் கண்டெய்னர் சில விநாடிகளில் எழுந்து நிற்கிறது, பழைய மெஷினிலும் நாலைந்து ஓடுகிறது. கூரை ஓட்டையானால் எல்லா வீட்டிலும் ஒழுகும் என்பதும் அதே காரணத்தால்தான். முன்பின் தெரியாதவன் போட்ட இமேஜை எடுத்து ஓட்டவேண்டாம் என்பதும் இதனால்தான்.

இந்தத் தடுப்புச் சுவரை டாக்கர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு புரோகிராமை ஒரு கோப்புறைக்குள் அடைத்து வைக்கும் சிஎச்ரூட் 1979லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. யார் எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று அளந்து கொடுக்கும் சிகுரூப் 2008இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் பைத்தான்காரர்களின் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசி டாக்கரை அறிமுகப்படுத்தினார். அவர்கள் கூட்டியது, இந்த மூட்டையைக் கட்டவும் அனுப்பவும் ஒரு சுலபமான முறை. 2015இல் ஓசிஐ என்ற பொது அமைப்பு உருவாகி மூட்டையின் வடிவத்தைப் பொதுவாக்கிவிட்டதால், டாக்கரில் கட்டியதை இன்று பாட்மேன் என்ற வேறொரு கருவியிலும் ஓட்டலாம். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் இரும்புப் பெட்டி எந்த லோரியிலும் ஏறுகிற மாதிரி.

கூரை லினக்ஸ் என்றேன் அல்லவா? அதனால் விண்டோஸில் டாக்கர் ஓட்டினால் அது திரைமறைவில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை எழுப்பி அதற்குள் ஓட்டுகிறது. அப்பாவின் பழைய கணினியில் 4 ஜிபி நினைவகம் என்றால், விண்டோஸ் பாதி தின்றபின் மிச்சத்தில் இது மூச்சுத் திணறும். நான் சொல்வதைக் கேட்பீர்களென்றால், அந்த மெஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டு, டாக்கர் எஞ்சின் மட்டும் ஏற்றுங்கள். டாக்கர் டெஸ்க்டாப் வேண்டாம். அப்பாவுக்கு வேண்டியது பிரவுசர் ஒன்று மட்டுமே. ஃபேஸ்புக்குக்கு அவரிடம் போன் இருக்கிறது.

விண்டோஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் தராசு. ரேம்ப்பில் எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாகத்தான் எண் வரும். விண்டோஸில் ஓடும் டாக்கருக்குள் யூஎஸ்பி சாதனத்தைக் கொண்டுபோவது பெரிய சுற்றுவழி. லினக்ஸில் ஒரு வரி. அந்த வரியைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கட்டுவது. டாக்கர்ஃபைல் என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் ஒவ்வொரு வரியும் ஓர் உத்தரவு, கோப்பு முறையைத் தொடும் ஒவ்வொரு உத்தரவும் ஓர் அடுக்கு. உங்களுக்கு ஏழெட்டு வரி போதும். முதல் வரி ஃப்ரம்: எந்த அடிப்படை இமேஜின்மேல் கட்டுகிறோம் என்பது. பைத்தான் 3.12 ஸ்லிம் எடுங்கள். ஸ்லிம் என்ற ஒட்டு இல்லாததை எடுத்தால் இமேஜ் ஒரு ஜிபியை ஒட்டி வரும். ஸ்லிம் 150 எம்பிக்குள் அடங்கும். இதைவிடச் சின்னதாக ஆல்பைன் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ஆல்பைனில் சி நூலகம் வேறு, மஸ்ல் என்று பெயர். சில பைத்தான் நூலகங்களை அங்கே உட்கார்ந்து கம்பைல் செய்யவேண்டிவரும், மிச்சப்படுத்திய எம்பியை நேரமாகக் கொடுக்கவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அடுத்து வொர்க்டிர், கோப்புகள் உட்காரும் இடம். அதற்கடுத்த வரிகளின் வரிசையில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். இயல்பாக என்ன எழுதுவோம்? எல்லாக் கோப்புகளையும் காப்பி செய், பிறகு வேண்டிய நூலகங்களை இறக்கும் பிப் இன்ஸ்டாலை ஓட்டு. வேலை செய்யும். ஆனால் டாக்கர் அடுக்குகளை நினைவில் வைத்துக்கொள்கிற முறை இப்படி: ஒரு வரிக்கான உள்ளீடு மாறவில்லையென்றால் பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். ஓர் அடுக்கு மாறிவிட்டால் அதற்குக் கீழே உள்ள வரிகள் அத்தனையையும் மறுபடி ஓட்டும். நீங்கள் ரசீதில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் "எல்லாக் கோப்புகளையும் காப்பி செய்" என்ற அடுக்கு மாறிவிடும், உடனே ஃபிளாஸ்க் (பிரவுசரில் பக்கம் காட்ட உதவும் பைத்தான் நூலகம்) தொடங்கி எல்லா நூலகங்களையும் மறுபடி இறக்கும். அதனால் முதலில் நூலகங்களின் பட்டியலான ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பை மட்டும் காப்பி செய்யுங்கள். அடுத்த வரியில் பிப் இன்ஸ்டால், கேஷ் வேண்டாம் என்ற கொடியோடு (கொடி என்றால் உத்தரவோடு ஒட்டும் கூடுதல் சொல்). அதற்கும் அடுத்துத்தான் உங்கள் சொந்தக் கோப்புகள். அப்போது காற்புள்ளி மாற்றத்துக்குக் கடைசி அடுக்கு மட்டும் மாறும், கட்டுவது இரண்டு மூன்று விநாடியில் முடியும். இந்த வரிசை லிந்தாங்குக்கு அனுப்பும்போதும் உங்களைக் காப்பாற்றும். கட்டும்போது நேரம் மிச்சம் என்பது அதில் சின்ன லாபம்தான்.

ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் நூலகப் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் ஃபிளாஸ்க் என்று எழுதினால் இன்றைக்கு ஒன்று இறங்கும், ஆறு மாதம் கழித்து வேறொன்று இறங்கும்.

கோப்புகளை மொத்தமாகக் காப்பி செய்யும் வரிக்கு முன் டாக்கர்இக்னோர் என்ற கோப்பை எழுதிவிடுங்கள். எவற்றை மூட்டைக்குள் ஏற்றக்கூடாது என்ற பட்டியல் அது. நீங்கள் மேக்கில் சோதித்துப் பார்க்க அப்பாவின் உண்மைக் கணக்கில் ஒரு மாதத்தை எடுத்து வைத்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அந்தக் கணக்கு இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் தோட்டக்காரர்களின் பெயர், ஐசி எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் இருக்கும். இக்னோர் கோப்பில் அதைச் சொல்லாவிட்டால் சத்தமில்லாமல் இமேஜுக்குள் ஏறிவிடும். பிறகு பதறிப்போய் டாக்கர்ஃபைலில் அதை அழிக்க ஒரு வரி சேர்ப்பீர்கள். பயனில்லை. அழிப்பது ஒரு புது அடுக்கு. அந்தப் புது அடுக்கு கீழே இருப்பதை மறைக்கும், எடுக்காது. இமேஜை டார் கோப்பாக இறக்கி அடுக்கு அடுக்காகப் பிரித்தால் யார் கையிலும் கிடைக்கும். பாஸ்வேர்டுக்கும் இதே கதி. நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பழம் கொண்டுவரும் பெரியவர் ரேம்ப்பில் கொடுத்த ஐசி எண்ணை ஊருக்குப் பந்திவைப்பது நமக்கு அழகில்லை.

இன்னும் இரண்டு வரி. யூசர் என்ற வரியில் ரூட் அல்லாத ஒரு பயனர், எண் 1000 என்று வையுங்கள். எழுதாவிட்டால் புரோகிராம் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக ஓடும். கடைசியில் சிஎம்டி, புரோகிராமைக் கிளப்பும் உத்தரவு. ஃபிளாஸ்க்கோடு வரும் சோதனை சர்வரை வைத்து ரேம்ப் நடத்தாதீர்கள், நிஜ வேலைக்கான கன்னிகார்ன் சர்வரைப் போடுங்கள். கேட்கும் முகவரி 0.0.0.0 என்று இருக்கவேண்டும். 127.0.0.1 என்று வைத்தால் கண்டெய்னருக்குள் அது கண்டெய்னரையே குறிக்கும். வெளியிலிருந்து எத்தனை தட்டினாலும் கதவு திறக்காது. நான் இதில் ஒரு முழு மதியம் தொலைத்திருக்கிறேன்.

கட்டும் உத்தரவு டாக்கர் பில்ட். உங்கள் மேக் எந்த வருடத்தது என்று சொல்லவில்லை. 2020 கடைசியிலிருந்து வந்த எம் சிப் மேக் என்றால் அதன் செயலி ஆர்ம் வகை. அப்பாவின் கணினி இன்டெல் வகை, டாக்கர் மொழியில் ஏஎம்டி64. சும்மா கட்டினால் மேக்குக்கான இமேஜ்தான் கிடைக்கும். ரேம்ப்பில் ஓட்டினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று ஒரே வரி காட்டிவிட்டுப் படுத்துவிடும், காரணம் சொல்லாது. கட்டும்போதே பிளாட்ஃபார்ம் கொடியில் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று கேளுங்கள். மேக்கில் அது போலியாக்கம் செய்து கட்டுவதால் மெதுவாகத்தான் போகும். ஒரு தேத்தண்ணி கலக்கிக் குடித்துவிட்டு வரலாம்.

பெயரிடுவதில் ஒரு பிடிவாதம் வேண்டும். டேக், அதாவது இமேஜின் பதிப்புப் பெயர், எதுவும் கொடுக்காவிட்டால் லேட்டஸ்ட் என்று தானாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொல்லைப் பார்த்தால் புதிய பதிப்பு என்று தோன்றும். அது வெறும் சீட்டு, எந்த இமேஜின் மேலும் ஒட்டும். இரண்டு ரேம்ப்பிலும் லேட்டஸ்ட் ஓடிக்கொண்டு, இரண்டிலும் வேறு வேறு கணக்கு வந்தால் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்கவேண்டிவரும். தேதியையே டேக்காக வையுங்கள். மூன்று பதிப்பு பழையவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். புதியது சொதப்பினால் முந்தைய தேதியைச் சொல்லி ஓட்டினால் முடிந்தது. இமேஜ் ஒவ்வொன்றுக்கும் ஷா256 என்ற நீளக் கைரேகையும் உண்டு. டேக் ஏமாற்றலாம், அது ஏமாற்றாது.

இப்போது லிந்தாங். இங்கேதான் நிறைய யோசித்தேன்.

முதலில் தோன்றுவது பென்டிரைவ். டாக்கர் சேவ் என்றால் இமேஜ் முழுவதும் ஒரே டார் கோப்பாக வரும். அதை ஜிஜிப் செய்து சுருக்கி, மோட்டாரில் கொண்டுபோய், அங்கே டாக்கர் லோட் என்று ஏற்றலாம். சுருக்கிய கோப்பை லோட் அப்படியே படிக்கும், பிரிக்கத் தேவையில்லை. இணையமே வேண்டாம். முதல் தடவைக்கு நல்ல வழி. ஆனால் சேவ் ஒவ்வொரு முறையும் எல்லா அடுக்குகளையும் மூட்டை கட்டும். காற்புள்ளி மாற்றத்துக்கும் மோட்டாரில் போகவேண்டும், அதுவும் நம்மூர் சாயங்கால மழையில். (டாக்கர் எக்ஸ்போர்ட் என்று இன்னோர் உத்தரவு இருக்கிறது. அது வேறு சரக்கு: கண்டெய்னரின் கோப்புகளை மட்டும் அள்ளும், அடுக்குகளும் கிளப்பும் உத்தரவும் போய்விடும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இரண்டாவது வழி ரெஜிஸ்ட்ரி, அதாவது இமேஜ்களை வைக்கும் கிடங்கு. டாக்கர் ஹப் எல்லோரும் அறிந்தது. இங்கிருந்து புஷ் செய்து கிடங்கில் ஏற்றுவது, அங்கிருந்து புல் செய்து இறக்குவது. லைன் மோசமான இடத்துக்கு இது சரிப்படாது என்றுதான் முதலில் தோன்றும். உண்மை தலைகீழ். புல் செய்யும்போது டாக்கர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அடுக்குகளைக் கேட்காது, இல்லாததை மட்டும் இறக்கும். டாக்கர்ஃபைலை நான் சொன்ன வரிசையில் எழுதியிருந்தால், ரசீது மாற்றத்துக்கு இறங்கவேண்டியது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் கடைசி அடுக்கு மட்டும். சில நூறு கேபி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிற அளவு. அது லிந்தாங் லைனிலும் வந்து சேரும்.

கனமானது முதல் தடவைதான். அதற்கு என் யோசனை: பென்டிரைவைக் கொண்டுபோவதற்குப் பதில் மாமாவின் மெஷினையே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். லினக்ஸ் ஏற்றுவதற்கு எப்படியும் கொண்டுவரவேண்டும். உங்கள் வீட்டு ஃபைபர் லைனில் முதல் புல்லை முடித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள். அடிப்படை இமேஜும் நூலக அடுக்கும் அதன் வட்டில் உட்கார்ந்திருக்கும், இனிமேல் சில்லறை மட்டும் இறங்கும்.

இது நிலைக்க இரண்டு நிபந்தனை உண்டு. அடிப்படை இமேஜை அடிக்கடி மாற்றக்கூடாது. பைத்தான் இமேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்துகொண்டேதான் இருக்கும், அதையும் நிரந்தரமாகத் தள்ளிப்போட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெஷினைத் தூசி தட்டக் கொண்டுவரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எப்போதும் ஒரே மெஷினில் கட்டுங்கள். மேக்கின் கேஷ் அழிந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டினால், அதே நூலகம் அதே பதிப்பு என்றாலும் கோப்புகளின் நேர முத்திரை மாறி அடுக்கின் கைரேகை மாறிவிடும். லிந்தாங் அதைப் புது அடுக்கென்று நினைத்து முழுவதும் இறக்கப் பார்க்கும். மாமா போன் செய்வார்.

டாக்கர் ஹப்பின் இலவசக் கணக்கில் ஒரு தனிப்பட்ட கிடங்கு கிடைக்கும், உங்களுக்கு ஒன்றே போதும். பொதுக் கிடங்கில் போடாதீர்கள். விலையில் அப்பா எத்தனை காசு பிடிக்கிறார் என்ற சூத்திரம் அந்தப் புரோகிராமில்தான் இருக்கிறது. ரேம்ப்புக்குள் சொந்த ரெஜிஸ்ட்ரி நடத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். நடத்தலாம், அதுவும் ஒரு கண்டெய்னர்தான், 5000ஆம் போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) நிற்கும். இரண்டு மெஷினுக்கு அது வேலியில்லாத தோட்டத்துக்குக் காவல்காரன் வைக்கிற கதை.

ஓட்டுவது. டாக்கர் ரன் உத்தரவில் கொடிகள் நீண்டுகொண்டே போகும். அதைக் கையால் தட்டாமல், அமைப்புகளை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் எழுதிவிடுங்கள். டாக்கர் கம்போஸ் அப் என்று சொன்னால் எழுந்துவிடும். அப்பாகூடச் செய்யலாம்.

கம்போஸ் கோப்பில் முதலில் கணக்குக் கோப்பு. வெளியே ஒரு கோப்புறையை, எஸ்ஆர்வி என்பதற்குள் ரேம்ப் என்று வையுங்கள், கண்டெய்னருக்குள் இருக்கும் டேட்டா கோப்புறையோடு இணையுங்கள். டாக்கரே பார்த்துக்கொள்ளும் பெயரிட்ட வால்யூமும் இருக்கிறது, நூல்கள் அதைத்தான் சிபாரிசு செய்யும். உங்கள் விஷயத்தில் எனக்குச் சாதாரணக் கோப்புறைதான் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும், பென்டிரைவில் நகல் எடுக்கலாம், கம்போஸ் டவுன் உத்தரவில் தவறிப்போய் வி கொடி சேர்த்தாலும் அழியாது. பெயரிட்ட வால்யூம் அந்த ஓர் எழுத்தில் போய்விடும். வெளிக் கோப்புறையின் உரிமையாளர் எண் 1000 என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ரூட் அல்லாத உங்கள் புரோகிராம் எழுத அனுமதியில்லை என்று நிற்கும். நகல் எடுப்பது எஸ்க்யூலைட்டின் பேக்கப் உத்தரவால். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம்.

நேரம். கண்டெய்னருக்குள் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் எட்டு மணி நேரம் முன்னே. காலை ஏழரைக்கு எடை போட்ட முதல் லோரிக்கு முந்தின நாள் இரவு பதினொன்றரை என்று ரசீது வரும். நாள் கணக்கு பிசகும், மாதக் கடைசியில் மாதக் கணக்கே பிசகும், மாத முடிவில் பணம் வாங்க வருகிறவர் சும்மா போகமாட்டார். டிஇசட் என்ற மாறியில் ஆசியா/கோலாலம்பூர் என்று எழுதுங்கள். (இந்த எட்டு மணிகூட 1982 ஜனவரி 1இல்தான் வந்தது. அதற்கு முன் தீபகற்பத்தில் ஏழரை. கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிய கதையைத் தாத்தாக்களிடம் கேளுங்கள்.)

மின்சாரம். இடி மழையில் கரண்ட் போய் வரும் ஊர் நம்முடையது. குலையை வெட்டி ஒரு நாளைக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும், லோரி காத்திருக்காது. கணினி தானாக எழுந்து வேலை செய்யவேண்டும். ரீஸ்டார்ட் என்பதற்கு அன்லெஸ் ஸ்டாப்ட் என்று கொடுங்கள். கரண்ட் வந்ததும் டெபியன் எழும், டாக்கர் எழும், அது உங்கள் கண்டெய்னரை எழுப்பும். நீங்களே வேண்டுமென்று நிறுத்தியிருந்தால் மட்டும் எழுப்பாது. மெஷினின் பயாஸிலும் மின்சாரம் திரும்பினால் தானே எழு என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். இதை மறந்துவிட்டு டாக்கரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்குங்கள், அது டாக்கர் விஷயமில்லை, வட்டு விஷயம்.

லாக். புரோகிராம் திரையில் எழுதுவதைப் பதிந்துவைக்கும் டாக்கரின் வழக்கமான லாக் கோப்புக்கு அளவே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். 10 எம்பி, மூன்று கோப்பு என்று வரம்பு எழுதுங்கள்.

போர்ட். கம்போஸில் 8000 என்று வெறுமனே திறந்தால் அந்த மெஷினின் எல்லா முகவரியிலும் திறக்கும். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் சுவர் போட்டிருந்தாலும் டாக்கர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், நிறையப் பேருக்கு இது தெரியாது. ரசீது அடிப்பது அதே மெஷினில் என்றால் முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள். மேலே கண்டெய்னருக்குள் 0.0.0.0 என்றேன், இங்கே வெளியே 127. முரண்பாடில்லை, ஒன்று வீட்டுக் கதவு, மற்றது வெளி கேட்டு.

கடைசியாக, தராசு. சீரியல் கேபிளை யூஎஸ்பி மாற்றியில் செருகினால் லினக்ஸில் டிடிஒய்யூஎஸ்பி0 என்று ஒரு சாதனம் தோன்றும். கம்போஸில் டிவைசஸ் என்பதன்கீழ் அதைக் கொடுத்தால் கண்டெய்னருக்குள் தெரியும். ஆனால் அந்தப் பெயரை நம்பவேண்டாம். யாராவது கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் அது 1 ஆகிவிடும், புரோகிராம் 0வையே பார்த்துக்கொண்டு நிற்கும். டெவ் கோப்புறைக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்று ஒன்று இருக்கிறது. அங்கே மாற்றியின் சொந்தப் பெயரிலேயே சாதனம் இருக்கும், எங்கே செருகினாலும் மாறாது. இடப்பக்கம் அந்த நீளப் பெயர், வலப்பக்கம் உங்கள் புரோகிராம் தேடும் பெயர் என்று எழுதிவிடுங்கள். ரூட் அல்லாத பயனரால் சீரியல் சாதனத்தைத் திறக்க முடியாது. டெபியனில் அதற்கான குழு டயல்அவுட், எண் 20. குரூப் ஆட் என்பதில் அந்த எண்ணைச் சேருங்கள். சிலர் இதற்குச் சோம்பல்பட்டு, எல்லா அனுமதியும் அள்ளிக்கொடுக்கும் பிரிவிலெஜ்ட் என்ற கொடியைப் போட்டுவிடுவார்கள். லயத்து வீட்டின் தடுப்புச் சுவரை இடித்துவிட்டு ஜன்னல் வைத்தேன் என்பது போல.

புரோகிராம் ஓடும்போது கேபிள் கழன்றால், கண்டெய்னர் மறுபடி எழும்வரை சாதனம் உள்ளே தெரியாது. எடை வராதபோது கையால் எண்ணைத் தட்ட ஒரு கட்டம் உங்கள் திரையில் இருக்கிறதா? இல்லையென்றால் டாக்கரைத் தொடுவதற்கு முன் அதைச் சேருங்கள். முதல் ஒரு மாதம் அப்பாவின் கார்பன் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.

இண்டிகேட்டர் என்ன மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லி அதன் பின்பக்கத்துத் தகட்டைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் தொடர்பு வேகம் 2400 அல்லது 9600 என்று ஏதாவது கையால் எழுதியிருந்தால் அதுவும் படத்தில் விழட்டும். இரண்டு ரேம்ப்பிலும் ஒரே பெட்டியாக இருந்தால் ஒரே இமேஜ். வேறு வேறு என்றாலும் இமேஜ் ஒன்றேதான், வேகத்தை மட்டும் கம்போஸ் கோப்பில் மாறியாகக் கொடுத்துவிடலாம்.